மெட்டி விரல்

4 ஜூன் 1962, திங்கள்
காலையிலேயே மழை. துணி காயவில்லை. அடுப்படித் தரையில் சிவப்புத் திட்டு. மீன் கழுவிய தண்ணீர் என்று துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் இன்னும் இரண்டு. நான் நடந்த வழியெல்லாம்.

இடது காலில் மெட்டி போட்ட விரல் வீங்கி, வெள்ளி வளையம் சதைக்குள் போயிருக்கிறது. சுற்றிலும் புண். எத்தனை நாளாகவோ. வலியே இல்லை. வலிக்காதது பெரிதாக இருக்காது என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

வாங்க: உப்பு, சவர்க்காரம், நீலம்.

5, செவ்வாய்
மனசு கேட்கவில்லை. கிளினிக். மூன்று மணி நேரம் பெஞ்சில். நர்ஸ் மிஸ்ஸி யாழ்ப்பாணத்துக்காரி, சின்ன வயது, பெரிய அதட்டல். உள்ளங்காலை ஊசியால் தொட்டுத் தொட்டு, "நோகேல்லையோ அக்கா?" என்று கேட்டாள். தொடுகிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. இனிப்பு நீர் வியாதி வந்து ஒன்பது வருஷம். நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம்.

அவள் சொன்னவை: தினமும் பாதத்தைப் பார்க்க, அடியில் கண்ணாடி வைத்து. விரல் இடுக்கில் ஈரம் துடைக்க. வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பு. (சாமி படத்துக்கு முன்னாலுமா?) மஞ்சளுக்குத் தனியாகத் திட்டு.

கடைசியில் மெட்டி. இப்போதே வெட்டி எடுக்க வேண்டும் என்றாள். மாட்டேன் என்றேன்.

"கழட்டாட்டி விரல் போகும். பிறகு கால்."

நாளைக்கு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

6, புதன்
போகவில்லை. ஜொகூரில் அக்காவும் இப்படித்தான் கால் வீங்கி மெட்டியைக் கழற்றினாள். ஆறாவது வாரம் அத்தான் லாரியில் அடிபட்டுப் போனார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் இவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் சாரத்தில் ஏறி நின்று பெயிண்ட் அடிக்கிறவர். இன்று அவர் வரும் பஸ் பத்து நிமிஷம் தாமதம். வாசலை விட்டு நகரவில்லை நான்.

எதிர்வீட்டு மாவு மில்காரருக்கும் விரலில்தான் ஆரம்பித்தது. இப்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது. இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம்.

7, வியாழன்
வெயில். சவர்க்காரம் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அசையாததில் ஒரு நிம்மதி, எழுத வெட்கம். விரல் நுனி கருநீலம். நாற்றம்.

சாப்பிடும்போது எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்றார். அலமாரியை நகர்த்தித் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

8, வெள்ளி
சொல்லிவிட்டேன். விளக்கடியில் காலை வைத்துத் துணிக்கட்டை அவிழ்த்தார். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். பிறகு, "எங்கூட சேர்ந்து எலி தேடினியே" என்றார். அக்கா கதையைச் சொன்னேன்.

"இருபத்திரெண்டு வருஷமா சாரத்துல நிக்கிறேன். உன் மெட்டியா என்னைப் பிடிச்சிக்கிட்டு இருக்கு? இடுப்புக் கயிறு லா."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நாளைக்கு லீவு போடுகிறாராம்.

9, சனி
கிளினிக். மிஸ்ஸி திட்டவில்லை. அதுவே கலக்கியது. சின்ன ரம்பம் எடுத்து வந்தாள். கால் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"நான் போட்டது. நானே எடுக்கிறேன் மிஸ்ஸி."

அவர் தரையில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று மெட்டி போட்ட பிறகு இப்படிப் பிடித்தது இப்போதுதான். மிஸ்ஸி இடம் காட்ட, அவர் அறுத்தார். வளையம் சதையோடு ஒட்டியிருந்தது. பிரித்து எடுக்கையில் இரத்தம், சீழ். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விரல் மிஞ்சுமா என்று திங்கட்கிழமை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலி இருந்தால் கொஞ்சம் நம்பலாம் என்றாள்.

அவர் நிமிர்ந்து, "வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். ஊசியை எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டுக் கட்டுப் போட்டாள்.