இடது பக்கத்துப் புல்லாங்குழல்

பாய்,

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பாட்டிலிருந்து புல்லாங்குழல் காணாமல் போய்விட்டது.

நீங்கள் அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் போன மாதம் ஒரேயடியாக அணைந்துவிட்டது. மகள் இப்போது வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். தன்னுடைய பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தாள். கூடவே தலையில் மாட்டுகிற ஹெட்போன். "ஸ்பீக்கர் வேணாம்ப்பா, எனக்கு ஞாயித்துக்கெழமையும் மீட்டிங் இருக்குது. இத மாட்டிக்கினு கேளு" என்றாள். நான் தினமும் கேட்கிற பாட்டுதான். பாடுகிறவர் ஒரு வரி பாடுவார், புல்லாங்குழல் பதில் சொல்லும்; அந்த இடத்தில் நீங்கள் ஆள்காட்டி விரலைத் தூக்குவீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வரி பாடினார், கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், அடுத்த வரிக்குப் போய்விட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போனதிலிருந்து எல்லாமே எனக்கு இப்படித்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டார். "அண்ணே, ஆஸ்பத்திரில கடைசியா உங்ககிட்டதான் இன்னாமோ சொன்னாரு. இன்னா சொன்னாரு?" மூன்று தடவையும், நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நேரில் போய் நான் என்ன சொல்ல? புல்லாங்குழல் போன இடத்துக்குத்தான் அந்தப் பேச்சும் போயிருக்கிறது. அது எந்த இடம் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உங்கள் கடைக்கு முதல் தடவை வந்தது ஞாபகம் இருக்கிறது. மகளுக்குக் கம்ப்யூட்டர், எனக்கு ஸ்பீக்கர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், ஆனால் பாட்டு விஷயத்தில் எனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்ற நினைப்பு. ஷெல்ஃபில் இருந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தேன். கனமாக இருந்தால் நல்ல சத்தம் வரும் என்பது என் கணக்கு. நீங்கள் கல்லாவிலிருந்தே கேட்டீர்கள்:

"இன்னா மில்லுக்காரரே, நெல்லு மூட்டைன்னு நெனச்சீங்களா? உள்ள இரும்புத் துண்டு ஒட்டி வெச்சிருந்தா இன்னா பண்ணுவீங்க?"

நான் மில்லில் வேலை செய்கிறேன் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் காது மடலில் ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்துச் சொன்னீர்களாம். பிற்பாடு தெரிந்தது.

தோற்றுப்போக எனக்கு இஷ்டமில்லை. பாட்டுக்குத் தகுந்தபடி நீல விளக்கு ஆடுகிற ஒரு பெட்டியைக் காட்டினேன். அதன் அட்டையில் வாட்ஸ் எண்ணிக்கை எங்கள் மில் போர்டைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. நீங்கள் அட்டையைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த ஓர் எண்ணைக் காட்டினீர்கள். "முன்னாடி போட்டுக்கறது ஊருக்கு. மெய்யான வாட்ஸ் இத்தினிதான், இங்க ஒளிஞ்சிக்கினு இருக்குது. அப்புறம் வெளக்கு ஆடினா கண்ணுக்குத்தான் நல்லாருக்கும், காதுக்கு இல்ல."

பிறகு மரப்பெட்டி போட்ட ஒரு சாதாரண ஜோடியை எடுத்து விரலால் தட்டிக் காட்டினீர்கள். நான் பாட்டுப் போடச் சொன்னேன். நீங்கள் செய்தி வாசிப்பைப் போட்டீர்கள். "பாட்டு போட்டா எந்த டப்பாவும் நல்லாத்தான் இருக்கும், அந்த ஓட்டத்துல தப்பு தெரியாது. மனுசன் பேசறதப் போட்டுப் பாருங்க. சானாவுக்கும் ஷானாவுக்கும் வித்தியாசம் தெரியணும், வாசிக்கறவரு மூச்சு இழுக்கறது கேக்கணும். பேச்சு நல்லா வந்துச்சின்னா பாட்டு தன்னால வரும்." அன்றைக்கு அந்த வாசிக்கிறவர் மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. கேட்டது என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒரு கூத்து. மகள் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கருக்குள் 'கிர்' என்று ஒரு வண்டு. எலியை மிதித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு தடவை காலைத் தூக்கிப் பார்த்தேன். உங்களிடம் வந்து சொன்னபோது அரை மணி நேரம் சிரித்துவிட்டு, தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். வெளியே மாட்டுகிற சவுண்ட் கார்டு. "கம்ப்யூட்டருக்குள்ள மிக்சி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் ஒரே வூட்ல ஓடற மாதிரி கணக்கு. அதுங்க நடுவுல குந்திக்கினு பாடுன்னா எவன் பாடுவான்? இத்த வெளில மாட்டுங்க. பாட்டுக்காரன் தனிக்குடித்தனம் வந்துட்டான்னு வெச்சிக்கங்க."

வண்டு போயிற்று. ஆனால் இடது பக்க ஸ்பீக்கரில் சத்தம் கம்மியாக இருந்தது. கொண்டு வந்தேன். வயரை மாற்றிக் கொடுத்தீர்கள். மறு வாரம் மறுபடியும் கொண்டு வந்தேன். ஸ்பீக்கரையே மாற்றிக் கொடுத்தீர்கள். மூன்றாவது தடவை நான் பேசிய பேச்சுக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வேறு ஆள் இருந்தால் வெளியே போ என்றிருப்பார். நீங்கள் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு எதிரில் நின்றீர்கள்.

"இன்னா கேக்குது?"

"நீங்க இன்னும் போடவே இல்லியே பாய்."

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். ஹெட்போனைக் கழற்றி உங்கள் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, இடது வலது மாற்றி மறுபடியும் எனக்கு மாட்டினீர்கள். இடது பக்கத்தில் மட்டும் நீங்கள் போட்டிருந்த பாட்டு ஏற்கெனவே பாதிக்கு மேல் ஓடியிருந்தது. 

கடையில் ஆள் இருந்தார்கள். நீங்கள் குரலைத் தணித்து, என் வலது பக்கம் வந்து சொன்னீர்கள்: "ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லீங்க."

மில்லில் அரவை மெஷினுக்கு இடது பக்கத்தைக் காட்டியே இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு உங்கள் வண்டியில்தான் போனோம். நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார் டாக்டர். வெளியே வந்து நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: யாருக்கும் சொல்லக் கூடாது. காரணமும் சொன்னேன். எனக்கு முன்னால் அந்த மெஷினில் நின்றவருக்குக் காது கேட்காது. அவருக்கு 'டமாரம்' என்று பேர் வைத்தது நான். எட்டு வருஷம் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே "சரி, சரி" என்பார். எனக்கு அது பெரிய தமாஷ்.

நீங்கள் அதற்குச் சிரிக்கவில்லை. அன்றைக்கு மாலையே வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் எதையோ தட்டினீர்கள். "ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கொழச்சி உட்டேன். சோறு, கொழம்பு எல்லாம் ஒரே உருண்டை. எலைல எந்தப் பக்கம் கை போட்டாலும் அதான்." என் மனைவி காபியோடு வந்து, என்ன ரிப்பேர் என்று கேட்டாள். "வயரு லூசும்மா" என்றீர்கள். என்னைப் பார்த்து. அன்றைக்குத்தான் புல்லாங்குழல் பதில் சொல்வதை நான் சரியாகக் கேட்டேன். உங்கள் விரல் மேலே போனது.

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஸ்பீக்கர் மாட்டப் போனபோது, பெட்டி தூக்க என்னையும் கூட்டிப் போனீர்கள். வெள்ளிமலையில் வேலை முடிந்து, டீக்கடையைத் தேடி ரோட்டில் நடந்தோம். வலது பக்கம் பள்ளம். நீங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமே வந்தீர்கள்.

"பள்ளம் பாய், இந்தாண்ட வாங்க."

"இந்தாண்ட வந்தா நான் தனியாப் பேசிக்கினு வரணும்."

அப்போதுதான் கவனித்தேன், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து நீங்கள் ஒரு தடவைகூட என் இடது பக்கம் நடந்ததில்லை. டீக்கடை பெஞ்சிலும் வலது பக்கம். கல்யாணப் பந்தியிலும் வலது பக்கம், அதற்காக ஒருத்தரை எழுப்பிக்கூட விட்டிருக்கிறீர்கள்.

பிறகு உங்கள் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. ஆறு வாரம்தான். கடைசியில் நான் வந்தபோது அறையில் உங்கள் வீட்டம்மா, உங்கள் தம்பி, இன்னும் இரண்டு பேர். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் என் இடது காதுதான் உங்கள் வாய்க்கு நேராக வரும். திரும்பி உட்கார இடம் இல்லை. நீங்கள் கையசைத்தீர்கள், நான் குனிந்தேன். பேசினீர்கள். கொஞ்ச நேரம் பேசினீர்கள். உதடு அசைவதும் மூச்சு காதில் படுவதும் தெரிந்தது, அவ்வளவுதான்.

தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்திருக்கலாம். இந்தக் காது கேட்காது பாய், அந்தப் பக்கம் சொல்லுங்கள் என்றிருக்கலாம். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே "சரி பாய், சரி" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் காலையில் போன் வந்தது.

பள்ளிவாசல் வரைக்கும் வந்தேன். தோள் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. உங்கள் கடையில் முதல் தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரியே இருந்தது. பாட்டு ஓடுகிறது என்று எல்லார் முகத்திலும் தெரிகிறது; எனக்குத்தான் இன்னும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மீட்டிங் முடிந்து வந்த மகளிடம், பாட்டில் குழல் காணோம் என்றேன். வாங்கி மாட்டிப் பார்த்தாள். "இருக்குதேப்பா, லெஃப்ட்ல." நான் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னேன்: "எனக்கு லெஃப்ட்ல காது கேக்காதும்மா."

"எப்பலருந்து?"

"நீ காலேஜ் சேர்றதுக்கு முன்னாடிலருந்து. பாய் எதையோ ஒண்ணாச் சேத்து வெச்சாரு. அத்தப் போட்டுக் குடு."

அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். இரண்டு தட்டுத் தட்டினாள், குழல் வலது காதுக்கு வந்தது. சமையல்கட்டிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "அப்ப இத்தினி வருசமா நான் கூப்ட்டது?"

"பாதி கேட்டுது."

"அந்தப் பாதிக்காவது பதில் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். திரும்பிப் போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சாப்பாடு போடும்போது வலது பக்கம் வந்து நின்றாள்.

மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். காத்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அவரு சொன்னது எனக்குக் கேக்கலைங்க. எனக்கு இந்தக் காது சுத்தமா அவுட்டு. அவருக்கு மட்டுந்தான் தெரியும். ஆளுங்க இருக்கறாங்கன்னு வெக்கப்பட்டுக்கினு சரின்னுட்டேன்."

 அவர் மெதுவாகக் கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா? எந்தக் காதுன்னு?"

"தெரியும்."

"அந்த ஸ்டூலு வாசப் பக்கந்தான் இருந்திச்சு அண்ணே. நீங்க வர்றீங்கன்னு போன் வந்ததும், அத்த ஜன்னலாண்ட போடுன்னாரு. அங்க எடமே இல்ல, எங்கங்க போடறதுன்னு நான் சத்தம் போட்டேன். போடுன்னாரு."

 தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கடைசியில் அவர்தான் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போவட்டும் அண்ணே. யார்கிட்டயாவது சொல்லிட்டாரே."

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வலது பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நடந்தேன், பழகிப் போய்விட்டது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் அதற்கு என்னைத் திட்டினார். பாதி கேட்டது.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இனி நான் யோசிக்கப் போவதில்லை, பாய். குழலை வலது பக்கம் கொண்டுவர என் மகளுக்குத் தெரியும். இதைக் கொண்டுவர யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் கேட்க மாட்டேன். ஒன்றும் நுழையாத காது என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் மூச்சு பட்டது அதில்தான். நீங்கள் தெரிந்தே வைத்தது அங்கேயே இருக்கிறது. யாரும் எடுக்க முடியாது, என்னாலும் முடியாது.

அன்றைக்குக் கேட்காமல்தான் சரி என்றேன். இன்றைக்கும் கேட்காமலேதான் சொல்கிறேன்.

சரி, பாய்.