ரொட்டிக் கல்லுக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர்

6 ஜூலை, ஞாயிறு

ஸலாம். இந்த டயரியைத் திறக்கிற ஆள் யாராக இருந்தாலும், நல்லா இருக்கீங்களா? பசியாறியாச்சா? எங்கள் ஊர் பத்து பாகாட்டில் இன்று மழை இல்லை. கடையில் கூட்டம் உண்டு. கீழே என் சாப்பாட்டுக் கடை, மேலே வீடு. பழைய கட்டடம். மேல்மாடி முழுக்கப் பலகைத் தரை.

மகள் நஜ்வா கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்கிறாள். சிங்கப்பூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. போனால் அங்கேயே தங்க வேண்டும். கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யலாம் என்கிறது. ஆனால் முதலில் ஒரு சின்னப் படம் செய்து காட்ட வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள். அவளுடைய பழைய லேப்டாப் ஒரு யானையை நாலு அடி நடக்க வைப்பதற்குள் நான் ஒரு பானை மீன் குழம்பு இறக்கிவிடுவேன்.

"நல்ல மெஷின் இருந்தா இங்கேயே இருந்துருவேன்த்தா" என்றாள்.

மெஷின்தானே. எனக்கு ஒரே பிள்ளை.

9 ஜூலை, புதன்

ஆ செங்கின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். முழு மெஷினாக வாங்கக் கூடாதாம், சாமான் சாமானாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டுமாம். நஜ்வா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். சீபியு என்றால் சமையல்காரர். ரேம் என்றால் அவர் சாமான் பரப்பி வைக்கிற மேசை. கிராஃபிக் கார்டு படத்துக்கு வெளிச்சமும் நிழலும் போடுகிற ஆள்.

"மேச சின்னதா இருந்தா எப்படித்தா வேல ஓடும்? ரேம் நெறைய வேணும்."

நான் அலமாரியில் ஒரு கேசிங்கைப் பார்த்துவிட்டேன். சாமானெல்லாம் அடங்குகிற கண்ணாடிப் பெட்டி, ஆறு விசிறி. விலைதான் கூடுதல்.

விசிறி பற்றி எனக்குத் தெரியும். பொந்தியானில் நான் ரொட்டி போட்ட கடையில் புகை இழுக்கிற விசிறி கெட்டுப்போனது. முதலாளி நாளைக்கு, நாளைக்கு என்றார். ஒருநாள் அவரே மயங்கி மாவுத் தட்டில் விழுந்தார். அந்த மாவை என்ன செய்தோம் என்பது வேறு கதை.

"ரேம் கொஞ்சம் கொறச்சுக்கலாம்மா. காத்து கொறயக் கூடாது."

"அங்கிள், பொண்ணு சொல்றதக் கேளுங்க லா" என்று ஆ செங் மலாயில் சொன்னான்.

நஜ்வா என் முகத்தையே பார்த்தாள். "சரித்தா. உங்க இஷ்டம்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

12 ஜூலை, சனி

மெஷின் வந்துவிட்டது. மேசைக்கு அடியில் தரையில் வைத்தேன், ஆடாது. காகிதத்தைக் காட்டினால் விசிறி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. யானை ஓடுகிறது.

என் மனைவி ஆரிஃபா குனிந்து பார்த்தாள். "கண்ணாடி இருக்கு, லைட்டு இருக்கு. மீனுதான் இல்ல."

17 ஜூலை

நஜ்வா அறையில் முர்தபா வாசம், கறி வைத்த ரொட்டி. நம் வீட்டில் எப்போதும் உள்ளதுதான்.

22 ஜூலை, செவ்வாய்

மெஷின் பாதிப் படத்தில் அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அணைகிறது. சூடு தாங்கவில்லை என்கிறாள். ஆறு விசிறி இருந்தும் சூடா? எனக்கு ஒண்ணும் வெளங்கல. மாசக் கடைசி வந்துருச்சே, என்னா செய்யிறது? சிங்கப்பூர்க்காரன் இன்னைக்கும் போன் பண்ணான். அவ வெளிய போயி பேசிட்டு வந்தா. பெத்த அத்தாவுக்குத் தெரியாம என்னா பேச்சு?

23 ஜூலை, புதன்

ஆ செங் வந்து கண்ணாடியைக் கழற்றினான். விரலால் தடவி மோந்து பார்த்தான்.

"அங்கிள், உள்ள கோழி வறுத்தீங்களா?"

விசிறி இறக்கையெல்லாம் மஞ்சள் பிசுக்கு. கார்டுக்கு மேலும் அப்படியே. அவன் தரைப்பலகை இடுக்கில் கண்ணை வைத்தான். நானும் வைத்தேன். நேர் கீழே என் ரொட்டி மாஸ்டர் ஜைத் கல்லில் முர்தபா புரட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து எங்களுக்குக் கை காட்டினான்.

ஆறு விசிறியும் புகையை ஒரு பிசிறு விடாமல் இழுத்திருக்கின்றன. மட்டமான சாமான் என்று சொல்ல முடியாது.

"வேற ரூமுக்கு மாத்துங்க" என்றான் ஆ செங். எல்லா அறையும் இதே பலகைதான், எல்லாவற்றிலும் புகை ஏறும் என்றேன். "அப்ப என் கடைக்கு வந்து வேல செய்யட்டும்."

"அதுக்கு நான் சிங்கப்பூருக்கே போயிரலாம்" என்றாள் நஜ்வா. சிரிக்கவில்லை.

24 ஜூலை

ஆ செங் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தான். சாதாரணக் கேசிங், இரண்டு விசிறி, மேசைக்கு மேலே. அவள் முதலில் கேட்ட ரேமையும் போட்டாயிற்று. கண்ணாடிப் பெட்டியைத் திருப்பி எடுப்பானா என்று கேட்டேன். மறுபடி மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றான்.

25 ஜூலை, வெள்ளி

ரொட்டிக் கல்லை அணைத்துவிட்டேன். படம் முடிகிற வரைக்கும் ரொட்டி, முர்தபா, பொரித்த கோழி எதுவும் கிடையாது. சோறும் குழம்பும்தான். தாளிப்பதெல்லாம் பின் சந்தில்.

சாயங்காலம் தேவானந்தன் சார் வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார், தினமும் ஒரு முர்தபா சாப்பிடுகிறவர்.

"என்ன பாய், கல்லுக்கு லீவா?"

"மக படம் செய்யிறா சார்."

"படத்துக்கும் முர்தபாவுக்கும் என்ன சம்பந்தம்?"

மேலே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய விசிறியைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் என்னோட சேந்து இதுவும் சாப்பிட்டிருக்கு" என்றார். வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஜைத் சும்மா இருக்க முடியாமல் ஆறிப்போன கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

28 ஜூலை

எதிர்க் கடையில் நல்ல கூட்டம். நான் பார்க்கவில்லை. ஆரிஃபா பார்த்துச் சொன்னாள்.

31 ஜூலை, வியாழன்

படம் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. யானை ஆற்றைத் தாண்டுகிறது. இரண்டு தடவை பார்த்தேன்.

6 ஆகஸ்ட்

பதில் இல்லை. நஜ்வா பெரிய பயணப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். எதுக்கு என்று கேட்கவில்லை.

23 ஆகஸ்ட், சனி

யானையை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்து ஒரு முதலை வேண்டுமாம், அதற்கடுத்து ஒரு குரங்குக் குடும்பம். சிங்கப்பூருக்கு வரவில்லை என்று நஜ்வா சொல்லிவிட்டாள். ஆரிஃபா அந்தப் பெட்டியில் தலையணை உறைகளை அடுக்கிவிட்டாள்.

இப்போது காலையிலிருந்து மெஷின் ஓடும். சாயங்காலம்தான் கல். இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது. என் கடையில் அடுப்பு மூட்ட நான் மேல்மாடியில் அனுமதி கேட்கிறேன். நேற்று முதலை தண்ணீரிலிருந்து ஏற நேரமாகிவிட்டது. தேவானந்தன் சார் படிக்கட்டில் நின்று "தங்கச்சி, முதலை ஏறிட்டுதா?" என்று கத்தினார். அப்போது கூலாயிலிருந்து வந்த லோரிக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலை என்ற சொல் காதில் விழுந்ததும்...

ஜைத் கூப்பிடுகிறான். "முதலாளி, மேல ஆஃப் பண்ணிட்டாங்க! கல்ல மூட்டவா?"

வருகிறேன். அந்த லோரிக்காரர் என்ன செய்தார் என்றால், கையில் இருந்த சோற்றோடு நாற்காலி மேல் ஏறிவிட்டார்.