நிறம் பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து படிக்க, எங்கள் கல்லூரியில் 'நிறம்' என்றொரு பாடம் வைத்திருக்கிறோம். வேதியியல் பக்கம் நான், தமிழ்ப் பக்கம் என் கணவர். ஆள் சேராவிட்டால் இந்த வாரத்தோடு நிறுத்திவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார்.

மத்தாப்பில் சிவப்பு வருவது ஸ்ட்ரான்சியம் உப்பால் என்று இன்று சொன்னேன். அந்தி வானத்தைச் செக்கர் என்று பாடியவனுக்கு எந்த உப்பும் தேவைப்படவில்லை என்றார் இவர்.

"வானத்துக்குப் பேர் வைக்கலாம். மத்தாப்புக்கு உப்புத்தான் போடணும்," என்றேன்.

அவர் விடவில்லை, நானும் விடவில்லை. மணியடித்ததே காதில் விழவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஸ்வநத்தத்திலிருந்து வரும் பெண் எழுந்தாள். "மேடம், வீட்டுலயும் இப்படித்தான் பேசிக்கிடுவீகளா?"

"வீட்டுல அவுக மட்டுந்தாம்மா பேசுவாக," என்றார் இவர். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டார். வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் இந்தப் பாடத்தில் சேர வேண்டுமென்று அவரிடம் போய்க் கேட்டார்களாம். பெரிய அறைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்.

நாளை நீலம். இவர் இப்போதே பாட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். வாணவேடிக்கையில் நல்ல நீலம் வரவழைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.