ரோண்டாவுக்கு ஏற்ற காலிபர்

விஸ்கான்சின்
செப்டம்பர் 8, 1996

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

அப்பா நலம். இடுப்பு மட்டும் என்னைக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டது. நீ நலமா? போன மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. என் கையெழுத்தைத் தபால்காரருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 23 அன்று மான் வேட்டை தொடங்குகிறது. இந்த வருஷமாவது வேட்டைக் குடிசைக்கு வா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் என் .30-06 துப்பாக்கியைக் கொடுத்தது மடத்தனம். சுட்டால் எனக்கே தோள் கன்றிப்போகும். அன்றோடு நீ வருவதை நிறுத்திவிட்டாய்.

உனக்கு எந்தக் காலிபர், அதாவது எந்தக் குண்டளவுத் துப்பாக்கி ஏற்றது, .243 வாங்குவதா, .308 வாங்குவதா என்று கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். "கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே, அண்ணே!" என்றான் உன் சித்தப்பா ஆர்லன். கடைசியில் .243 என்று முடிவு செய்தேன். அதிகம் உதைக்காது. முன்னங்காலுக்குப் பின்னால் பட்டால் மான் தப்பாது.

வருகிறாய்தானே?

உன் அப்பா,
வெர்ன்


போர்ட்லேண்ட்
செப்டம்பர் 29

அப்பா,

துப்பாக்கி வாங்காதீர்கள். அது உதைத்ததால் நான் வராமல் இருக்கவில்லை.

அன்று எனக்குக் குறி தவறியது. தவறவிட்டவரின் சட்டைப் பின்பக்கத்தை அறுத்துக் குடிசைச் சுவரில் ஆணி அடிப்பது உங்கள் வழக்கம். அம்மா எனக்குத் தைத்த கடைசிச் சட்டை அது. அவள் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. "இது வேணாம்ப்பா, வேற சட்டை போட்டுட்டு வரேன்" என்று கெஞ்சினேன். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்டி, குட்டி!" என்று கத்தியை எடுத்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள்தான் அதிகமாக.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ரோண்டா


விஸ்கான்சின்
அக்டோபர் 13

ரோண்டா கண்ணுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா உன் அப்பன்? இதுதான் கடைசி.

பத்தொன்பது வருஷமாகப் பழியைக் காலிபர் மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன். உன் சட்டைத் துண்டை எடுத்து அனுப்பலாம் என்று நேற்று ஆர்லனோடு குடிசைக்குப் போனேன். சுவரில் நாற்பத்தொரு துண்டுகள். ஆறு என்னுடையவையாம், நல்ல வேட்டைக்காரன் நான். ஒன்றிலும் பெயர் இல்லை. அடுப்புப் புகை படிந்து எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துத் தையலைப் பார்த்தேன்.

"அண்ணி தையல் உனக்குத் தெரியாதா?" என்றான் ஆர்லன்.

பதினாறு வருஷம் அவள் தைத்துப் போட்ட சட்டையைத்தான் உடுத்தினேன். தெரியவில்லை, கண்ணு.

உன் சட்டை என்ன நிறம் என்று மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுது, புகையைத் துவைத்துப் பார்க்கிறேன். வேறெதுவும் எழுத வேண்டாம்.

அப்பா