அஷ்டமியில் ஒரு பிளக் பாயிண்ட்

மே 13, செவ்வாய்

இன்று கூட்டத்தில் நான் சொல்லாதது: தவறு துறைமுகத்தில் இல்லை, நாம் பார்த்த நல்ல நாளில் இருக்கிறது.

வாய்வரை வந்தது. தலைவர் கண்ணுசாமி ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். எங்கள் உழவர் கம்பெனியின் முதல் குளிர்ப்பெட்டி, ஒரு கன்டெய்னர் நிறைய உறைய வைத்த பலாச்சுளை, தூத்துக்குடி வரை போய்க் கப்பல் ஏறாமல் ஆலங்குடிக்கே திரும்பிவிட்டது. அங்கே துறைமுக யார்டில் பெட்டிக்குக் கரன்ட் கொடுக்க ஒரு பிளக் பாயிண்ட்கூடக் காலி இல்லையாம். வாசலுக்கு வெளியே வரிசையில் நின்றபோது லாரி ஜெனரேட்டர் படுத்துவிட்டது. சுளை இளகிவிட்டது.

சரக்கு வாங்கும் துபாய்க்காரர் இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்பார். அதுவும் போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான். சுளை எடுக்கும் அத்தனை பெண்களும் வீட்டுக்கு. ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்ளும் நானும்.

"நாள் பாத்து, தேங்கா ஒடச்சுத்தானப்பா அனுப்புனோம்?" ஐயா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதுதான் ஐயா. அதேதான்.

மே 14

தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்ட் ஆனந்தராஜிடம் போனில் கேட்டேன். அடுத்த கப்பல் 23, வெள்ளி. பெட்டிகளைச் செவ்வாயிலிருந்தே உள்ளே எடுப்பார்களாம்.

"ஆனா செவ்வா அஷ்டமி, புதன் நவமி மேடம். நம்ம பார்ட்டிங்க ஒருத்தரும் வரமாட்டாங்க, யார்டு காத்தாடும். வியாழன் தசமி. அன்னைக்கு எல்லாரும் மொத்தமா வந்து கேட்ல முட்டுவாங்க."

நான் நினைத்தது சரி!

பழைய கடல் வணிகம் பற்றி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். காற்று திரும்பும்வரை மரக்கலங்கள் மாதக்கணக்கில் கரையில் காத்துக் கிடந்தனவாம். அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு?

மே 15

இன்றும் சொல்லவில்லை. எதற்கு இவ்வளவு படிக்கிறேன்?

மே 16, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஷெட்டில், எல்லார் முன்னாலும்.

"அன்னைக்கு நல்ல நாளுங்கய்யா. அதான் எல்லாரும் வந்துட்டாங்க. நமக்கு எடமில்லாமப் போச்சு. இந்தத் தடவை அஷ்டமியில அனுப்புவோம்."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். "வெளையாடுறியா ஆத்தா? அஷ்டமியில எங்க வீட்டுல ஆட்டுக்குட்டியக்கூட விக்கமாட்டோம்."

சுளை எடுத்துக்கொண்டிருந்த ராசாத்தி அக்கா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தார். "ஏங்க தலைவரே, மரத்துல பழம் நவமின்னு பாத்தா பழுக்காம நிக்குது? அதுபாட்டுக்குப் பழுக்குது, நாங்களும் வெட்டுறோம். லாரிக்கு மட்டும் என்ன நாளு?"

ஷெட்டே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்து என்னைப் பார்க்காமலே சொன்னார்: "திங்கக்கெழம பரஸ்தானம் வச்சுருவோம். அப்பொறம் நீ எப்ப வேணா அனுப்பு."

நல்ல நேரத்தில் ஒரு பொருளை வாசல் தாண்டி வேறிடத்தில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. இது எனக்குத் தோன்றவே இல்லை. மனிதர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

மே 19, திங்கள்

கற்பூரம் காட்டி, ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தலையில் சுமந்துபோய் எதிர்ச்சாரியில் சொர்ணம் டீக்கடையில் வைத்தார் ஐயா.

"என்னங்க, துபாய் எங்கடையிலயா இருக்கு?" என்றார் சொர்ணம் அக்கா. இம்முறை ஐயாவும் சிரித்துவிட்டார்.

மே 20, செவ்வாய். அஷ்டமி.

டிரைவர் எழிலரசன் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சை வைப்பவர். இன்று இரண்டிரண்டு. காலையில் வண்டி கிளம்பியது.

பிற்பகல். எழிலரசனிடமிருந்து போன் வந்துவிட்டது! "பிளக்க எங்கிட்டு வேணாலும் சொருகிக்கங்கன்னு சொல்லிட்டாங்க! மைனஸ் பதினெட்டு காட்டுது!"

நான் கத்திய கத்தலில் ராசாத்தி அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டார். பிறகு எல்லாரும் சேர்ந்து கத்தினோம். நானா இது?

மே 22

ஆனந்தராஜ் வாசல் வரிசையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். தசமிக் கூட்டம். நம் பெட்டி இரண்டு நாளாக உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கிறது. நாலு முறை பார்த்துவிட்டேன்.

ஜூன் 12

துபாயில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். சுளை இளகாமல் கல்லாக இருக்கிறதாம். அடுத்த மாதமே வேண்டும், இரண்டு பெட்டி.

ஐயாவிடம் சொன்னேன். காலண்டரைக் கிழிக்காத குறையாகப் புரட்டினார். "அஷ்டமி என்னைக்கு வருது? விட்டுறாத ஆத்தா, வேற எவனாச்சும் முந்திருவான்!"

ஒரு பெட்டி ஜூலை 18ஆம் தேதி அஷ்டமியில் போகிறது. மற்றொன்று 19, நவமியில்.