ஆன்செல்மோ வரைந்த வார்டு

கார்லிஸ்
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆன்செல்மோவுக்கு,

எர்மினியா எழுதுவது. நானும் உன் மகள் நொயெமியும் சுகம். உன் வலது கை வீக்கம் வடிந்துவிட்டதா? ஈரக் கையுறையை மாற்றாமல் நாள் முழுக்க மீன் வெட்டாதே என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். அலாஸ்காவிலிருந்து நீ போன் பேசும்போது உன் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் இருமுவது இங்கே கேட்கிறது. அத்தனை பேர் காதில் விழும்படி சொல்கிற விஷயமில்லை இது. அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் வீட்டு நிலவரம். கூரை மேலிருந்த கூலர் ஜூலையில் படுத்துவிட்டது. உன் அக்கா மகன் வந்து ஏதோ தட்டினான், ஓடுகிறது, ஆனால் மாடு கத்துவது மாதிரி சத்தம். பேக்கிங் ஷெட்டில் பீச் பழம் முடியப் போகிறது, அடுத்த வாரத்திலிருந்து எங்களுக்கு அரை நாள்தான் வேலை என்கிறார்கள். நொயெமிக்குப் பதினெட்டு முடிந்தது. பெயரை வாக்காளர் பட்டியலில் பதிந்துவிட்டு வந்து, ஏதோ கல்யாணம் முடித்து வந்தவள் போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வார்டுக்குக் கவுன்சிலராக நிற்க நான் மனு கொடுத்துவிட்டேன்.

திரும்பப் படிக்க வேண்டாம். சரியாகத்தான் படித்தாய்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பியபோது எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. இத்தனை வருஷமாக ஊர் மொத்தமும் சேர்ந்து ஐந்து கவுன்சிலர்களையும் தேர்ந்தெடுத்தது. ஐந்து பேரும் ரயில் பாதைக்கு மேற்கே, கோல்ஃப் மைதானத்தைச் சுற்றியே குடியிருந்தார்கள். கிழக்கே இருக்கிற நம்மில் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மழை பெய்தால் நம் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும், அவர்கள் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரிக்க ஒரு குழு போடுவார்கள். நீ கத்தாத கூட்டம் உண்டா? கடைசியில் வக்கீல் நோட்டீஸ் போனதும் வழிக்கு வந்தார்கள். ஊரை ஐந்து வார்டாகப் பிரிப்பது, அந்தந்த வார்டு தன் ஆளைத் தானே தேர்ந்தெடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. மாதா கோயில் பங்கு மண்டபத்தில் வரைபடத்தை விரித்து, ஆரஞ்சு மார்க்கரால் நம் வார்டின் எல்லையை நீதான் வரைந்தாய். ஏறக்குறைய அதையே ஏற்றுக்கொண்டார்கள். நம் ஆள் என்று டயர் கடை பால்தோமேரோ நிற்பார் என்று நினைத்து நீயும் நிம்மதியாக மீன் வெட்டப் போய்விட்டாய்.

மனு வாங்க ஆரம்பித்த வாரத்திலேயே பால்தோமேரோ பின்வாங்கிவிட்டார். நகராட்சி லாரிகளுக்கு டயர் மாற்றுவது அவர்தானே. கவுன்சிலராக இருந்துகொண்டு நகராட்சியிடம் அந்த வேலையை வாங்க முடியாதாம். நான் போய்க் கேட்டதற்கு, "எர்மினியா, வீரமா பேசறதுக்கு உன் புருஷன் இருக்கான். டயர் மாத்தறதுக்கு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்றார். கோபப்படத் தோன்றவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்.

அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்கள். நீ நில், அவர் நிற்கட்டும், அடுத்த தடவை பார்க்கலாம். சந்தடி சாக்கில் குளிர்பதனக் கிடங்கு முதலாளி விட்லோ, கிடங்குக்கு மேலேயே ஓர் அறையில் கட்டிலைப் போட்டு, இதுதான் என் வீடு என்று முகவரியை மாற்றி, நம் வார்டில் மனு கொடுத்துவிட்டார். வேறு யாரும் மனு கொடுக்காவிட்டால் தேர்தலே வேண்டாம், அவர்தான் கவுன்சிலர். நம் சாக்கடைத் தண்ணீரில் பாதி அவர் கிடங்கிலிருந்து வருகிறது என்பது உனக்குத் தெரியும்.

ஷெட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாயோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நம் நொயெமியின் ஞானத்தாய் என்ற உரிமையில் அவள் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த உறவுமுறை சொல்லி அழைத்தே கேட்டாள். "கொமாத்ரே, நீ இந்த ஊர்லயே பொறந்தவ. உன் பேரு பட்டியல்ல இருக்கு. நீ நில்லு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்தில் நான் தமாலே பரிமாறினவள், பேசினவள் இல்லை என்றேன். "அவங்கல்லாம் உன் புருஷன் பேச்சைக் கேக்கவா வந்தாங்கன்னு நெனக்கிறே? தமாலேக்குத்தான் வந்தாங்க" என்றாள். உனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் சுற்றி இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

மனுவோடு வார்டுக்குள் குடியிருக்கும் இருபது வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். ஒரு காலை வேளையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆன்செல்மோ, நீ வரைந்த வார்டை நீ நடந்து பார்த்திருக்கிறாயா? நம் ஆட்கள் ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று டிரெய்லர் வண்டி வீடுகள் நிற்கும் குடியிருப்பு முழுவதையும் கோட்டுக்குள் இழுத்துப் போட்டாய். நல்லதுதான். வார்டுக்கு ஆள் கணக்குத்தான் முக்கியம், ஓட்டுக் கணக்கு இல்லை, கைக்குழந்தைகூட ஒரு தலைதான். ஆனால் கதவுக்குக் கதவு தட்டினால் குடியுரிமை வாங்காத, ஓட்டு இல்லாதவர்கள்தான் திறக்கிறார்கள். "உள்ள வாங்க. கையெழுத்து கிடையாது, காபி இருக்கு" என்றாள் ஒருத்தி. அந்தத் தெரு முழுக்க நான் குடித்த காபியில் இரண்டு நாள் தூக்கம் போயிற்று. ஒழுகும் குழாயைக் காட்டினார்கள். பஸ் நிற்கும் இடத்தில் விளக்கில்லாமல் பெண்பிள்ளைகள் நிற்பதைச் சொன்னார்கள். கையெழுத்துப் போட முடியாதவர்கள்தான் என்னிடம் அதிகம் பேசினார்கள். நானும் எழுதிக்கொள்ளாமலே ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். உன் சித்தப்பா மகன் ரெஃபூஹியோவின் வீட்டைத் தொடாமல் உன் கோடு எப்படி அவ்வளவு அழகாக வளைந்து போயிற்று? வேலிச் சண்டைக்காகத்தானே? அந்த வீட்டில் ஓட்டுரிமை உள்ளவர்கள் ஏழு பேர். உன் மார்க்கர் ஒரு விரல் தள்ளிப் போயிருந்தால் என் செருப்பு தேய்ந்திருக்காது. நான் அந்த வழியாக நடந்தபோது அவன் வேலிக்குள்ளிருந்து, "எனக்குத்தான் கையெழுத்துப் போட வழியில்லாம பண்ணிட்டான். ஏன் என் வீட்டை விட்டு வளைச்சான்னு அவன்கிட்டயே கேளுங்க" என்று கத்தினான். நான் அடுத்த வாசலுக்கு நடந்தேன்.

இப்போது நான் எழுதத் தயங்குகிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடக்கூடியவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "ஆன்செல்மோ பேரு எங்க?" என்பார்கள். அவர் அலாஸ்காவில் இருக்கிறார் என்பேன். பொய்யில்லையே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நபோர் மட்டும் விடவில்லை. "அவர் முதல்ல போடட்டும், அவருக்குக் கீழ நான் போடறேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். கடைசி நாள் நெருங்கிவிட்டது, எனக்கு ஐந்து கையெழுத்து குறைந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லாரும் இருந்தபோது நபோர் மறுபடி ஆரம்பித்தான். அலாஸ்காவுக்குத் தபால் போகாதா, தாளை அனுப்பி வாங்கினால் என்ன என்றான். எனக்குச் சலித்துப்போயிற்று. "என் புருஷனுக்கு ஓட்டு இல்ல. அவர்கிட்ட கிரீன் கார்டுதான் இருக்கு, அவர் இன்னும் இந்த நாட்டுக் குடிமகன் இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

நீ இதைப் படித்ததும் எழுந்து நடப்பாய் என்று தெரியும். நடந்துவிட்டு வந்து மீதியைப் படி.

எல்லாரும் நபோரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் நபோர், "பதிஞ்சுக்கோங்க பதிஞ்சுக்கோங்கன்னு எங்க உயிரை எடுத்தாரே, அந்த மனுஷனா?" என்றான். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் டிரெய்லர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். "எங்க வீட்லயும் இதே கததான். எனக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. பெரியவனுக்கு இருக்கு, அவன் போடுவான்" என்றாள். இன்னொருத்தி தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இருபதுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. நபோரும் போட்டான்.

ஆனால் போட்டுவிட்டு அவன் சொன்னது என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. "போடறேன், உங்களுக்காக. ஆனா நாளைக்கு எங்க ஆளுங்களப் போய் ஓட்டுப் போட வரிசையில நில்லுங்கன்னு சொன்னா, உங்க புருஷனுக்கே வேணாங்கறது எங்களுக்கு எதுக்குன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். திங்கட்கிழமை மனுவைக் கொடுத்தேன், கையெழுத்துகளைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள். அலுவலகத்துப் பெண் வாழ்த்துச் சொன்னாள். நபோருக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை.

விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்ல நீ ஒரு காரணம் வைத்திருக்கிறாய். மெக்சிக்கோ கொடியை விட்டுக்கொடுக்க மாட்டேன், அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று. உன் அப்பா எனக்கும் தெரிந்தவர். அவர் வாழ்நாளில் யாரிடமும் எந்த வாக்கும் வாங்கினதில்லை, பீர் வாங்கினதோடு சரி.

குடியுரிமைத் தேர்வுக்காக ஃபிரெஸ்னோவுக்கு நாம் போன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெள்ளைச் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். என்னைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாய். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஆபீஸ் பூட்டியிருக்கு என்றாய். உன் பின்னால் ஆட்கள் கதவைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், ஆன்செல்மோ. நான் பார்த்தேன். வழியில் வண்டிக் கடையில் டாக்கோ சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நாம் எடுக்கவில்லை.

ஒரு சின்னப் பையன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு ஆங்கில வாக்கியத்தைக் காட்டி உரக்கப் படி என்பான், ஒன்றைச் சொல்லி எழுது என்பான். அதுதான் உன் பயம். கொடியும் இல்லை, அப்பாவும் இல்லை. மேயரையே வாயடைத்து உட்கார வைத்தவன், ஒரு வரியில் திக்கினால் என்ன ஆகும் என்ற பயம். இத்தனை வருஷமாக உனக்கு வரும் ஆங்கிலத் தபாலை எல்லாம் நான் படித்துச் சொல்கிறேனே, எனக்குத் தெரியாதா? இது உனக்கு அவமானம் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பேசுகிறேன், எனக்கு வேண்டியிருக்கிறது.

பங்கு மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு நடக்கிறது. நபோரின் மனைவியும் போகிறாள். எல்லார் கண்ணிலும் படும்படிதான் உட்கார வேண்டியிருக்கும். அங்கே போய் உட்கார். நம் வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நொயெமியிடம் படிக்கிற வேலை வேண்டாம். ஓட்டுக் கேட்டு நான் ஏறும் ஒவ்வொரு வாசலிலும், என் புருஷன் செவ்வாய்க்கிழமை வகுப்பில் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். நபோருக்கு என்னிடம் அந்த ஒரு பதில்தான் இருக்கிறது.

எனக்கு மட்டும் பயமில்லையா? அடுத்த மாதம் மேற்கே நூலகத்தில் வேட்பாளர்கள் பேச வேண்டுமாம். விட்லோவுக்குப் பக்கத்தில் நின்று, மைக்கைப் பிடித்து, நான். நீ பேச்சு சொல்லித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. குழாயையும் விளக்கையும் பற்றி நானே பேசிக்கொள்கிறேன். நான் நடுங்குகிற இடத்தில் நான் நடுங்குகிறேன், நீ நடுங்க வேண்டிய இடத்தில் நீ நடுங்கு.

இன்னொரு சேதி. ரெஃபூஹியோ தன் வேலியில் என் பெயரைப் பலகையில் எழுதி, நம் வார்டைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கிறான். அவனுக்கு இங்கே ஓட்டில்லை என்று சொன்னேன். பார்க்கிறவர்களுக்கு இருக்கிறதே என்றான். ஊருக்கு வந்ததும் அவனிடம் முதலில் நீ பேசு.

நவம்பரில் நான் ஜெயிக்கலாம், தோற்கலாம். எது ஆனாலும் நாலு வருஷம் கழித்து இந்த வார்டில் நான் மறுபடி நிற்பேன். இந்தத் தடவை என் வீட்டிலிருந்து எனக்கு இரண்டு ஓட்டு, என்னுடையதும் நொயெமியுடையதும். அந்தத் தடவை மூன்று வேண்டும். வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்டதாக ஞாபகம் இல்லை.

குவாதலூப்பே அன்னை உன்னைக் கடல் காற்றிலிருந்து காப்பாற்றி செப்டம்பரில் கொண்டுவந்து சேர்க்கட்டும். கையுறையை மாற்று. அந்தக் கை எனக்குப் பத்திரமாக வேண்டும், அது ஆங்கிலம் எழுதிப் பழக வேண்டியிருக்கிறது.

உன்
எர்மினியா