பீரோவுக்கு இரண்டு விசிறி

ராயபுரம்,
ஞாயிறு.

என் கண்ணு டில்லிபாபுவுக்கு,

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் சாமான் எதுவும் கொடுக்காதே என்று கடைக்கார ஒவைஸுக்கு நீ போன் போட்டுச் சொன்னது தப்பு. அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் கேட்கிறேன், நீயும் வினிதாவும் குழந்தையும் சுகம்தானே, ரோட்டர்டாமில் குளிர் குறைந்ததா, எனக்கு சுகரும் பிரஷரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒவைஸ் பாவம், என் முகத்தைப் பார்க்காமல், "சுந்தரிம்மா, உன் புள்ள குடுக்க வேணாம்னு சொல்லிக்கீது, நான் இன்னா பண்றது" என்றான்.

எனக்கு ஷாக் அடித்தது நிஜம்தான். இரும்பு பீரோவுக்குள் கம்ப்யூட்டரை வைத்தவள் எர்த் கொடுக்க மறந்தேன், அன்றைக்கே எலக்ட்ரீஷியன் ஜெயவேலைக் கூப்பிட்டு அதைச் சரி செய்தாயிற்று. எட்டாவதோடு நின்றவள் யூடியூப் பார்த்து இதெல்லாம் செய்கிறாள் என்று நீ சிரித்ததும் தெரியும், சிரித்துக்கொள். மேசை மேல் வைத்தால் ஆகாதா என்று கேட்டாயே, உன் நைனாவுக்கு ஞாபகம் தப்பியதிலிருந்து கடலுக்குப் போன நாள் நினைப்பில், கண்ணில் படுகிற ஒயரையெல்லாம் மீன்வலையில் சிக்கின கயிறு என்று பிடுங்குகிறார். பூட்டின பீரோவில் கை வைப்பதில்லை. அதனால்தான் கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அந்த இடத்தில் திரையைப் பதித்தேன், மெஷினை உள்ளே என் புடவைத் தட்டில் வைத்தேன். போனில் உன்னைக் காட்டினால் யார் இந்தப் பையன் என்கிறவர், பீரோவில் உன் முகம் நிஜ அளவில் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். இரும்புக்குள் வைஃபை போகாது என்று எனக்கு அப்போது தெரியாது, கதவைச் சாத்தியதும் நீ திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டாய். "டேய் டில்லி, வாய மூட்றா, ஈ பூந்துடப் போவுது" என்றார். ஏழு மாதத்தில் உன் பேரை அவர் சொன்னது அன்றைக்குத்தான். நான் அடுப்படிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு ஓட்டை போட்டு நெட் ஒயரை நேராக உள்ளே இழுத்துவிட்டேன். ஆனால் காற்றில்லாமல் பத்து நிமிஷத்தில் சூடாகி மெஷின் நின்றுபோகிறது. நீ வெளியே போய்விட்டாய் என்று வாசலுக்கு ஓடுகிறார். போன ஞாயிறு உன்னைத் தேடிக் காசிமேடு வரை போய்விட்டார், ஆட்டோக்காரர் ஒருவர்தான் கூட்டிவந்து விட்டார்.

ஆகவே, ஒவைஸிடம் சொன்னதை நீ இன்றைக்கே மாற்றிச் சொல்லு. அவன் பெரிய விசிறியாக இரண்டு தரட்டும். பீரோவின் முதுகில் ஜெயவேல் துளை போடுவான், நான் கரண்டைத் தொடமாட்டேன், அந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு நீ வந்து உட்கார், வினிதா குழந்தையைத் தூக்கிக் காட்டட்டும். மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். பேசி முடித்ததும் சட்டென்று அணைக்காதே. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் நைனா என்று சொல்லி எழுந்து, முதுகு தெரிய நடந்து போ. சொல்லிக்கொண்டு போகிறவனை அவர் தேடமாட்டார்.

உன் அம்மா,
தா. குணசுந்தரி